காலையில் நடுங்கி நின்றுபோகும் பழைய சின்னக் கார்: கோளாறைத் தேடும் வழி

இரவு முழுக்க நின்ற கார். காலையில் செல்ஃப் அடித்தால் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் ஸ்டியரிங் வரை நடுக்கம், சைலன்சரில் தட்டுத்தடுமாறிய சத்தம். கியர் போட்டுக் கிளட்ச்சை விட்டதும் ஆஃப். ஐந்து நிமிடம் ரேஸ் கொடுத்தபடி நிறுத்தி வைத்தால் அன்றைக்கு முழுவதும் ஒரு குறையும் சொல்ல முடியாது. அடுத்த நாள் காலையில் மறுபடி அதே கதை.

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் மருந்துகள் நான்கு: பிளக்கை மாற்று, கார்பன் கிளீனிங் செய், ஸ்லோ ஸ்பீடை ஏற்றி வை, எத்தனால் கலந்த பெட்ரோலைத் திட்டு. நான்கிலும் ஓரளவு உண்மை இருப்பதால்தான் குழப்பம். சிலருக்குப் பிளக் மாற்றியதும் சரியாகிவிடும். வேறு சிலர் பிளக், பிளக் வயர், சென்சார், பெட்ரோல் பம்ப் என்று வரிசையாக மாற்றிய பிறகும் காலையில் அதே நடுக்கத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.

கோளாறு காலையில் மட்டும் வருவதில்லை. அது நாள் முழுக்க இருக்கிறது. எஞ்சின் சூடானதும் வேறு ஏதோ ஒன்று அதை மூடிவிடுகிறது. மூடுவது எது என்று தெரிந்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும். இங்கே மனதில் வைத்திருப்பது மாருதி 800, பழைய ஆல்டோ, ஜென், சான்ட்ரோ போன்ற பெட்ரோல் கார்களை. 2000 வாக்கில், காற்றின் இழுப்பாலேயே பெட்ரோலைக் கலக்கும் கார்ப்பரேட்டரிலிருந்து, கணினி கட்டளைப்படி பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிய காலத்து வண்டிகள் இவை. மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றுவிட்டது; வண்டிகள் நிற்கவில்லை.

ஐட்லிங்கில் என்ன நடக்கிறது

ஆக்சிலரேட்டரில் கால் வைக்காதபோது எஞ்சின் தானாக ஓடும் ஓட்டம்தான் ஐட்லிங். ஒர்க்‌ஷாப்பில் இதை ஸ்லோ ஸ்பீடு என்பார்கள். சூடான நிலையில் இந்தக் கார்களில் இது பெரும்பாலும் 850 முதல் 950 ஆர்.பி.எம்.க்குள் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) இருக்கும். உங்கள் காருக்கான சரியான எண் கையேட்டிலோ பானெட்டுக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ கிடைக்கும்.

900 ஆர்.பி.எம். என்றால் ஒவ்வொரு சிலிண்டரும் வினாடிக்கு ஏழரை முறை வெடிக்கிறது. அந்த வெடிப்பு எல்லாமே எஞ்சினின் சொந்த உராய்வு, ஆயில் பம்ப், ஆல்டர்னேட்டர் இவற்றைச் சுற்றவே சரியாகப் போய்விடும். மிச்சம் ஏறத்தாழ ஒன்றும் இல்லை. 3 சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டர் படுத்தால் போவது மூன்றில் ஒரு பங்கு. 4 சிலிண்டர் கார் அதே கோளாறோடு ஆடிக்கொண்டாவது ஓடும், 3 சிலிண்டர் மாருதி 800 நின்றுவிடும்.

காற்றும் இந்த நேரத்தில் மிகக் குறைவு. காற்று வழியைத் திறந்து மூடும் வட்டத் தகடான த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். அதன் விளிம்பு இடைவெளியிலும் பக்கத்தில் உள்ள ஒரு சிறு வழியிலும்தான் காற்று நுழைகிறது. த்ராட்டிலுக்கு உள்பக்கம் எஞ்சின் இழுக்கும் இழுப்பால் அழுத்தம் வெளியே இருப்பதைவிட நன்றாகக் குறைந்திருக்கும். அதுதான் வாக்யூம். இவ்வளவு குறுகிய வழியில் முடி கனத்துக்கு அழுக்கு படிந்தாலும் ஐட்லிங் ஆடிவிடும். 3000 ஆர்.பி.எம்.மில் அதே அழுக்கு ஒரு பொருட்டே அல்ல.

குளிர்ந்த எஞ்சினுக்கு ஏன் கூடுதல் பெட்ரோல்

சூடேறாத தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக அப்படியே நிற்கும். சூடான கல்லில் சுர்ரென்று ஆவியாகிவிடும். எஞ்சினுக்குள் போகும் பெட்ரோலுக்கும் இதே நிலைதான். எரிவது ஆவி மட்டுமே. காற்று போகும் குழாய்ச் சுவரும் வால்வின் முதுகும் குளிர்ந்திருந்தால், தெளித்த பெட்ரோலில் ஒரு பகுதி அங்கேயே ஈரமாக ஒட்டிக்கொள்ளும். எரிய வரும் கலவையில் பெட்ரோல் குறைந்துவிடும்.

எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்பது முழுமையாக எரியும் அளவு. பெட்ரோல் இதைவிடக் குறைந்த கலவைக்கு லீன் என்றும், கூடிய கலவைக்கு ரிச் என்றும் பெயர். குளிர்ந்த எஞ்சினில் ஒட்டிப்போவதை ஈடுகட்ட, வேண்டுமென்றே ரிச்சாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆயில் கெட்டியாக இருப்பதால் உராய்வும் அதிகம். அதற்காகக் கொஞ்சம் கூடுதல் காற்றும் கொடுத்து 1200 முதல் 1500 ஆர்.பி.எம். வரை ஓட விட வேண்டும்.

இது ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மட்டும் உரிய பிரச்சினை என்று நினைப்பவர்கள் உண்டு. ஓடி முடித்த எஞ்சினின் கூலன்ட் 85, 90 டிகிரியில் இருக்கும். சென்னையில் மே மாதக் காலையில்கூட அது 30 டிகிரிதான். எஞ்சின் கணக்கில் 30 டிகிரி குளிர்தான். மலையில் 5 டிகிரி என்றால் கோளாறு இன்னும் கூர்மையாகத் தெரியும், அவ்வளவுதான்.

சூடானதும் மறைவது எப்படி

கார்ப்பரேட்டர் காரில் இந்தக் கூடுதலைத் தருவது சோக். காற்று வரும் வாயை ஒரு தகட்டால் பாதி மூடி, பெட்ரோலை அதிகம் இழுக்க வைக்கும் ஏற்பாடு அது. மாருதி 800-இல் கையால் இழுக்கும் குமிழ்.

இன்ஜெக்‌ஷன் காரில் இதே வேலையை எஞ்சினின் கணினியான இ.சி.எம். செய்கிறது. அதற்கு இரண்டு பேர் துணை. ஒன்று, எஞ்சின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று சொல்லும் கூலன்ட் சென்சார். இன்னொன்று, த்ராட்டிலைச் சுற்றிப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஐட்லிங் வால்வு. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஐ.ஏ.சி. என்று கேட்டால் தருவார்கள்.

பலருக்குத் தெரியாத மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். சைலன்சர் குழாயில் செருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சார், எரிந்த புகையை முகர்ந்து பார்த்து 'லீன், இன்னும் கொடு' என்றும் 'ரிச், குறை' என்றும் இ.சி.எம்.முக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆனால் ஏறத்தாழ 300 டிகிரி சூடு வரும் வரை அதற்குப் பேச்சு வராது. அதனால் முதல் நிமிடங்களில் இ.சி.எம். மனப்பாடக் கணக்கை வைத்தே பெட்ரோல் கொடுக்கிறது. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் கொஞ்சம் அடைத்திருந்தாலும், எங்கோ காற்று கசிந்தாலும் அந்த நேரத்தில் திருத்த ஆள் இல்லை. ஆக்சிஜன் சென்சார் விழித்ததும் பிழை ஈடுகட்டப்படுகிறது, நடுக்கம் நிற்கிறது, கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஐட்லிங்கில் எஞ்சினுக்குக் கையிருப்புச் சக்தி இல்லை. குளிரில் அதற்குக் கூடுதல் பெட்ரோலும் காற்றும் வேண்டும். அதே நேரத்தில் பிழையைத் திருத்தும் சென்சார் தூங்கிக்கொண்டிருக்கிறது.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

ஸ்பேனரைத் தொடுமுன், செல்ஃப் அடித்த நொடியிலிருந்து எப்போது என்ன நடக்கிறது என்று இரண்டு மூன்று காலைகள் குறித்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் 'காலையில் மிஸ்ஸிங் ஆகுது' (சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கிறது) என்று சொல்வதைவிட இந்தக் குறிப்பு பத்து மடங்கு உதவும்.

செல்ஃபை நீண்ட நேரம் சுற்ற வேண்டியிருந்து, பிடித்தபின் ஒழுங்காக ஓடினால் சந்தேகம் பெட்ரோல் அழுத்தத்தின் மேல். இரவில் அது இறங்கிவிடுகிறது.

உடனே பிடித்து இரண்டு மூன்று வினாடியில் இறங்கி நின்று, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் நிற்காமல் ஓடினால் காற்று போதவில்லை. த்ராட்டில் தகடு இருக்கும் த்ராட்டில் பாடி, ஐட்லிங் வால்வு பக்கம் போங்கள். மிதித்தாலும் பயனில்லாமல் ஒவ்வொரு முறையும் அதே நொடியில் டப்பென்று நின்றால், டேஷ்போர்டில் சரியான சாவி இல்லாவிட்டால் எஞ்சினைத் தடுக்கும் இம்மொபிலைசரின் விளக்கு மினுக்குகிறதா என்று பாருங்கள். அது சாவிப் பிரச்சினை, எஞ்சின் பிரச்சினை அல்ல.

ஓடுகிறது, ஆனால் ஒரே தாளத்தில் ஒரு சிலிண்டர் மட்டும் விட்டுவிட்டு அடிக்கிறது, ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிகிறது என்றால் பிளக், பிளக் வயர், கசியும் இன்ஜெக்டர், டாப்பெட் (வால்வின் இடைவெளி) இவற்றில் ஒன்று. அத்துடன் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கூலன்ட்டும் மாதாமாதம் குறைந்தால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

முதல் நிமிடம் நன்றாக ஓடி, பிறகு தடுமாறினால் இன்ஜெக்‌ஷன் காரில் ஆக்சிஜன் சென்சார் பொய் சொல்லலாம். கார்ப்பரேட்டர் காரில் சோக் திறக்காமல் இருக்கலாம்.

கரும்புகையும் பெட்ரோல் வாடையும் இருந்தால் ரிச். புகையே இல்லாமல் இருமலும் த்ராட்டில் பக்கம் டப் டப் என்ற பின்வெடியும் இருந்தால் பெரும்பாலும் லீன்.

ஒரு காலைக்கு ஒரு மாற்றம்

இந்தக் கோளாறைத் தேடுவதில் உள்ள பெரிய இடைஞ்சல், சோதனைக்கு ஒரு நாளில் ஒரே ஒரு வாய்ப்புதான். எஞ்சின் ஒருமுறை ஓடிவிட்டால் மறுபடி முழுதாக ஆற ஆறேழு மணி நேரமாவது ஆகும். ஆகவே ஒரே நாளில் மூன்று பாகங்களை மாற்றாதீர்கள். சரியானால் எதனால் என்று தெரியாது. சரியாகாவிட்டால் மூன்றுக்கும் பணம் போயிருக்கும். சோதனை செய்யும்போது கார் திறந்த வெளியில் நிற்கட்டும். மூடிய ஷெட்டில் ஓட விட்டால் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். ஃபேன் பெல்ட் அருகே வேட்டியோ துப்பட்டாவோ தொங்கக் கூடாது.

பாட்டரியிலிருந்து தொடங்கலாம். செல்ஃப் சுற்றும்போது மல்டிமீட்டரில் வோல்டேஜ் 9.6-க்குக் கீழே போனால், முதலில் அதையும் எர்த் வயரையும் சரி செய்யுங்கள்; வோல்டேஜ் விழுந்தால் ஸ்பார்க்கும் இன்ஜெக்டரும் சேர்ந்தே பலவீனமாகும். ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் இடையே இருக்க வேண்டும். ஏர் ஃபில்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இவை பைசா செலவில்லாதவை.

த்ராட்டில் பாடி: முதல் குற்றவாளி

எஞ்சினுக்குள்ளிருந்து வரும் ஆயில் ஆவி த்ராட்டில் தகட்டின் விளிம்பில் கறுப்புப் பசையாகப் படியும். பழைய எஞ்சினில் பிஸ்டன் ரிங் தேய்மானத்தால் இது இன்னும் வேகமாகப் படியும். ஐட்லிங் வால்வின் வழியும் அதே பசையால் குறுகிவிடும். குளிரில் கூடுதல் காற்று கேட்கும்போது அதற்கு வழி இல்லை, அதுதான் நின்றுபோவது.

எஞ்சின் ஆஃப் ஆகி ஆறியிருக்கும்போது, ஏர் ஹோஸைக் கழற்றி, த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் அடித்துத் தகட்டின் இரு பக்கமும் துடையுங்கள். கேபிளைக் கையால் இழுத்துத் தகட்டைத் திறந்தால் விளிம்பும் குழாயின் உள்சுவரும் எட்டும். ஐட்லிங் வால்வைத் தனியே கழற்றினால் அதன் முனையை விரலால் உள்ளே அழுத்தாதீர்கள். உள்ளிருக்கும் நுண்ணிய பற்கள் உடைந்துவிடும். ரப்பர் ஓரிங் வெடித்திருந்தால் புதிது போடுங்கள். மாட்டியபின் சிறிது நேரம் ஆர்.பி.எம். தூக்கலாக இருப்பது இயல்பு. பத்து நிமிடம் ஏசி இல்லாமலும் பிறகு சில நிமிடம் ஏசி போட்டும் ஓட விட்டால், இ.சி.எம். புதிய காற்று அளவுக்குப் பழகிக்கொள்ளும்.

த்ராட்டில் தகடு சாய்ந்து நிற்கும் சிறிய ஸ்க்ரூவை மட்டும் தொடாதீர்கள். அது கம்பெனியில் வைத்த அளவு. ஸ்லோ ஸ்பீடை ஏற்றி வைப்பது என்று ஒர்க்‌ஷாப்பில் செய்வது பெரும்பாலும் இதைத் திருகுவதுதான். காலையில் நிற்காது, உண்மை. ஆனால் மதியம் 1300-இல் கத்தும், சிக்னலில் கிளட்ச்சை விட்டால் தாவும், இ.சி.எம். காற்றைக் குறைக்கப் பார்த்துத் தோற்கும். பின்னால் வரும் மெக்கானிக்குக் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

கூலன்ட் சென்சார்: மீட்டரை நம்பாதீர்கள்

'டெம்ப்பரேச்சர் முள் சரியாகத்தான் காட்டுது, சென்சார் நல்லாத்தான் இருக்கு' என்ற பேச்சு அடிக்கடி கேட்கும். மாருதி போன்ற பல பழைய கார்களில் டேஷ்போர்டு முள்ளுக்கு ஒற்றை வயர் சென்சார் தனி, இ.சி.எம்.முக்கு இரட்டை வயர் சென்சார் தனி. ஒன்று நன்றாக இருப்பது இன்னொன்றைப் பற்றி எதுவும் சொல்லாது.

இந்தச் சென்சாரின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும். பல ஜப்பானிய வகைக் கார்களில் 20 டிகிரியில் சுமார் 2.2 முதல் 2.8 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். காலையில் எஞ்சினைத் தொடுமுன் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரால் அளந்துவிடலாம். வயர் அறுந்திருந்தால் செக் எஞ்சின் விளக்கு எரியும். சென்சார் பாதி கெட்டு, 25 டிகிரியை 60 என்று சொன்னால் விளக்கு எரியாது. 60 டிகிரியும் நடக்கக்கூடிய அளவுதானே. இ.சி.எம். அதை நம்பிப் பெட்ரோலைக் குறைத்துக் கொடுக்கும், எஞ்சின் நிற்கும்.

ஸ்கேனர் பேசும் காராக இருந்தால் வேலை இன்னும் எளிது: ஸ்டார்ட் செய்யுமுன் கூலன்ட் சூடும் உள்ளே வரும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒரே எண்ணாக இருக்க வேண்டும். 2010-க்கு முந்திய பல சின்னக் கார்களோடு பொதுவான மலிவு ஸ்கேனர்கள் பேசாது. அந்தக் கம்பெனிக் கார்களுக்கான ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப் வேண்டும்.

காற்றுக் கசிவு: இணைய அறிவுரை தவறும் இடம்

வாக்யூம் ஹோஸ் வெடித்தால் கணக்கில் வராத காற்று நுழைந்து லீன் ஆகி எஞ்சின் நிற்கும் என்று எங்கும் எழுதியிருக்கும். கார்ப்பரேட்டர் காருக்கு அது சரி. உள்ளே போகும் காற்றை நேராக அளக்கும் பெரிய கார்களுக்கும் சரி. நம் சின்னக் கார்களில் பெரும்பாலானவை காற்றை நேராக அளப்பதில்லை. குழாயின் உள்ளழுத்தத்தை மேப் சென்சாரால் அளந்து கணக்கிடுகின்றன. கசிவு வந்தால் உள்ளழுத்தமும் கூடும். இ.சி.எம். அதைக் கண்டு பெட்ரோலையும் கூட்டும். விளைவு, எஞ்சின் நிற்பதற்குப் பதிலாக ஐட்லிங் ஏறும், அல்லது ஏறி இறங்கி ஆடும். ஐட்லிங் எப்போதும் தாழ்ந்தே இருக்கும் இன்ஜெக்‌ஷன் காரில் கசிவைத் தேடி நாள்களைக் கழிக்காதீர்கள்.

இதில் இரண்டு விதிவிலக்குகள். கசிவு ஒரு சிலிண்டரின் வாய்க்கு மிக அருகில், இன்ஜெக்டர் ரப்பரிலோ காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாயான மேனிஃபோல்டின் கேஸ்கெட் ஓரத்திலோ இருந்தால் அந்தச் சிலிண்டர் மட்டும் லீன் ஆகி மிஸ்ஸிங் வரும். மேப் சென்சாருக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயே வெடித்தால் இ.சி.எம். ஏமாந்து பெட்ரோலைக் கொட்டும்; கரும்புகை வரும்.

தேடும் வழி: ஓடும்போது பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரின் ஹோஸ், ஆயில் ஆவிக் குழாய் ஒவ்வொன்றையும் துணி சுற்றிய குறடால் லேசாக நெரியுங்கள். எதை நெரித்தால் ஓட்டம் மாறுகிறதோ அந்தப் பக்கம் பாருங்கள். ஆயில் ஆவிக் குழாயில் சிறு மாற்றம் இயல்பு. பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்கும் வரை எஞ்சின் சத்தம் மாறியே இருந்தால் பூஸ்டர் உள்ளே கிழிந்திருக்கலாம். மேனிஃபோல்டு ஓரத்தில் ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் தெளித்தும் பார்க்கலாம். பெட்ரோல் தெளித்துப் பார்ப்பது பழைய வழக்கம். வண்டி தீப்பிடிக்கவும் அதுவே வழி.

ஸ்பார்க்: பிளக்கைக் கழற்றுமுன் எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடியுங்கள்

காலையில் நடுங்கும்போதே, இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். நல்ல சிலிண்டரின் கனெக்டரைக் கழற்றினால் எஞ்சின் இன்னும் மோசமாகும். எதைக் கழற்றியும் மாற்றம் இல்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். பிளக் வயரை இழுத்துப் பார்க்கும் பழக்கம் இன்ஜெக்‌ஷன் காருக்கு ஆகாது. கையில் ஷாக் அடிப்பது ஒரு பக்கம். எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கெடுக்கும்.

சிலிண்டர் தெரிந்துவிட்டால் புதுப் பாகம் வாங்க அவசரமில்லை. அதன் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டரோடு மாற்றிப் போட்டு மறுநாள் காலை பாருங்கள். மிஸ்ஸிங்கும் இடம் மாறினால் பிளக்தான். மாறாவிட்டால் அதற்கு அடுத்த நாள் பிளக் வயர் (நீளம் ஒத்துவந்தால்), அப்புறம் இன்ஜெக்டர்.

பிளக்கின் நுனி இடைவெளி கார்ப்பரேட்டர் கார்களில் பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மி.மீ., இன்ஜெக்‌ஷன் கார்களில் 1.0 முதல் 1.1 மி.மீ. கையேட்டோடு ஒப்பிடுங்கள். புதிய பிளக்கைக் கையாலேயே உட்காரும் வரை சுற்றிவிட்டு, பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று அல்லது அதற்குச் சற்று மேல் போதும். அலுமினிய ஹெட்டின் மரை போனால் செலவு எங்கோ போய்விடும்.

மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் மட்டும் வரும் மிஸ்ஸிங் என்றால் பிளக் வயரிலோ பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பிலோ ஈரம் ஏறுகிறது. இருட்டில் பானெட்டைத் திறந்து வயர்கள் மேல் லேசாகத் தண்ணீர் தூவுங்கள். கெட்ட வயரில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். பார்க்கும்போது எதையும் தொட வேண்டாம்.

பெட்ரோல் அழுத்தம்

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் பின்சீட்டுப் பக்கம் இரண்டு மூன்று வினாடி கேட்கும் ஊங்காரம் பெட்ரோல் பம்ப் அழுத்தம் ஏற்றும் சத்தம். இந்தக் கார்களில் சுமார் 3 பார் வரும். காலையில் நேராகச் செல்ஃப் அடிக்காமல், சாவியை மூன்று முறை ஆன், ஆஃப் செய்துவிட்டு அடித்துப் பாருங்கள். வழக்கத்தைவிடச் சட்டென்று பிடித்தால் இரவில் அழுத்தம் இறங்குகிறது என்று பொருள். பம்ப்பின் உள்ளே திரும்பாமல் தடுக்கும் வால்வு தளர்ந்திருக்கலாம். இன்ஜெக்டர் ஒன்று சொட்டுவதாகவும் இருக்கலாம். சொட்டும் இன்ஜெக்டர் என்றால் ஸ்டார்ட் ஆனதும் ஒரு குப்பென்ற கரும்புகையும் வாடையும் கூட வரும், ஒரு பிளக் மட்டும் கறுத்திருக்கும்.

டாப்பெட்: சத்தம் இல்லாததும் கோளாறாகலாம்

இந்தப் பட்டியலில் அதிகம் விட்டுப்போவது இதுதான். வால்வின் தண்டுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் இடையே வைக்கும் சிறு இடைவெளியே டாப்பெட் அளவு. இடைவெளி கூடினால் டக் டக் சத்தம் வரும், எல்லோரும் ஓடிவருவார்கள். குறைந்தால் சத்தமே வராது. எஞ்சின் அமைதியாகிவிட்டது என்று மகிழ்ச்சிகூட வரும்.

சுசுகியின் பழைய சின்ன எஞ்சின்கள் பலவற்றில் இந்த அளவு ஆறிய நிலையில் 0.13 முதல் 0.18 மி.மீ., சூடான நிலையில் 0.23 முதல் 0.28 மி.மீ. அலுமினிய ஹெட் சூட்டில் விரிவதால் இடைவெளி கூடுகிறது. எல்லா எஞ்சின்களிலும் இப்படி இல்லை, ஆனால் இந்த வகையில் இடைவெளி மிகக் குறைந்திருக்கும் நேரம் அதிகாலை. தேய்மானத்தால் ஆறிய நிலை அளவு பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் வால்வு முழுதாக மூடாமல் இழையளவு திறந்தே நிற்கும். அழுத்தம் கசியும், அந்தச் சிலிண்டர் எரியாது. இரண்டு மூன்று நிமிடத்தில் ஹெட் விரிந்து வால்வு மூடிக்கொள்ளும், எஞ்சின் தெளியும். பிளக்கும் சென்சாரும் எத்தனை மாற்றினாலும் இது போகாது. நாளடைவில் வால்வின் ஓரம் கருகி, சூட்டிலும் மிஸ்ஸிங் நிலைத்துவிடும்.

எல்.பி.ஜி. கிட் போட்ட காரில் முதல் சந்தேகமே இதன் மேல் இருக்கட்டும். வாயு எரிபொருளில் வால்வு உட்காரும் வளையம் சீக்கிரம் தேய்ந்து, வால்வு உள்ளே இறங்கி, இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். அதோடு, எல்.பி.ஜி.யை ஆவியாக்கும் ரெட்யூசருக்கு எஞ்சினின் சுடுதண்ணீர் வேண்டும். ஆறிய எஞ்சினை நேராக எல்.பி.ஜி.யில் கிளப்பினால் அது குளிர்ந்து விறைத்து எஞ்சின் நிற்கும். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு மாற்றுங்கள்.

அளப்பது கடினமில்லை. எஞ்சின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். டாப்பெட் கவரைக் கழற்றி, அந்தந்தச் சிலிண்டர் அழுத்தத்தின் உச்சியில் நிற்கும்போது மெல்லிய அளவுத் தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜின் 0.15 மி.மீ. தகடு லேசான பிடிப்போடு போய்வர வேண்டும், 0.20 போகக் கூடாது. கவர் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள், இல்லாவிட்டால் ஆயில் ஒழுகும். இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட் உள்ள எஞ்சினில் இந்த அட்ஜஸ்ட்மெண்டே கிடையாது.

கம்ப்ரஷன் (சிலிண்டரில் ஏறும் அழுத்தம்) பார்ப்பதாக இருந்தால் கையேடுகள் சூடான எஞ்சினில் பார்க்கச் சொல்லும். நம் கோளாறு குளிரில் வருவது; ஆகவே ஆறிய நிலையில் ஒருமுறையும் சூட்டில் ஒருமுறையும் பாருங்கள். சிலிண்டர்களுக்குள் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் குளிரில் மட்டும் இருந்து, சூட்டில் மறைந்தால் டாப்பெட்தான் முதல் சந்தேகம்.

கார்ப்பரேட்டர் கார் என்றால்

சோக்கை முழுக்க இழுத்ததும் தகடு உண்மையிலேயே மூடுகிறதா என்று ஏர் கிளீனரைத் திறந்து கண்ணால் பாருங்கள். கேபிள் தளர்ந்து பாதியில் நிற்பது சகஜம். சாவியை ஆன் செய்ததும் கார்ப்பரேட்டரில் இருக்கும் சிறிய சோலனாய்டு 'டிக்' என்று அடிக்க வேண்டும். ஐட்லிங் ஜெட் என்ற நுண்துளைக்குப் பெட்ரோல் வழியைத் திறப்பது அது. அடிக்காவிட்டால் கால் எடுத்ததும் எஞ்சின் நின்றுவிடும். அடித்தும் நின்றால் ஜெட் அடைத்திருக்கும். கழற்றிக் காற்றால் ஊதுங்கள், கம்பி விட்டுக் குத்தாதீர்கள்.

நீலகிரிக் காலைகளுக்கே உரிய ஒன்று உண்டு: 0 முதல் 15 டிகிரி வரை ஈரக்காற்றில், பெட்ரோல் ஆவியாகும் குளிர்ச்சியால் கார்ப்பரேட்டரின் உள்ளே பனி உறையும். கிளம்பிச் சில நிமிடம் கழித்து எஞ்சின் திணறி நிற்கும்; ஓரமாக நிறுத்திக் காத்திருந்தால் பனி உருகித் தானே சரியாகும். சைலன்சர் மேனிஃபோல்டு மேலிருந்து வெதுவெதுப்பான காற்றைக் கொண்டுவரும் குழாய் உங்கள் காரில் இருந்து, யாராவது கழற்றிப் போட்டிருந்தால் திரும்ப மாட்டுங்கள்.

எத்தனால் மேல் எவ்வளவு பழி

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 14.7-க்குப் பதிலாகச் சுமார் 13.5 பங்கு காற்றையே கேட்கிறது. ஜெட் அளவு மாறாத கார்ப்பரேட்டர் காரில் அதனால் கலவை சில சதவீதம் லீன் ஆகிறது. எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைவிட இரண்டரை மடங்கு அளவுக்கு வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். குளிர்ந்த எஞ்சினுக்கு இது கூடுதல் சுமை. ஈரத்தையும் உறிஞ்சும், பழைய ரப்பர் குழாய்களையும் ஊற வைக்கும். இவை உண்மை. ஆனால் டாப்பெட், சென்சார், த்ராட்டில் சரியாக உள்ள கார் இதே பெட்ரோலில் காலையில் நிற்காமல் ஓடுவதைப் பார்க்கலாம். அந்தக் கோளாறுகளில் ஒன்று ஏற்கெனவே இருந்த காரில்தான் இது கடைசி அடியாக விழுகிறது. வாரக்கணக்கில் நிற்கும் காரில் டேங்கைப் பாதியாக வைக்காதீர்கள். காலி இடத்துக் காற்றிலிருந்துதான் ஈரம் சேரும்.

மெக்கானிக்கிடம் விடும்போது

காலை பத்து மணிக்கு ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனால் எஞ்சின் சூடாகியிருக்கும், கோளாறு ஒளிந்திருக்கும், மெக்கானிக் ஊகித்துத்தான் பாகம் மாற்றுவார். முந்தின நாள் மாலையே வண்டியைக் கொண்டுபோய் விட்டு, 'காலையில் நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்' என்று சொல்லிச் சாவியைக் கையோடு எடுத்துவாருங்கள். மறுநாள் இருவரும் நிற்கும்போது முதல் ஸ்டார்ட்டைச் செய்யுங்கள். வேலை முடிந்ததும் அதே முறையில் இன்னொரு இரவு நிறுத்தி, காலையில் ஹெட்லைட்டும் ஏசியும் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இரண்டு நிமிடம் நின்றால்தான் பில் கட்டுவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.